ஆஹனில் ஆறு வாரம்: "திரும்பி வந்துவிடட்டுமா, மேடம்?"

கொங்குப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றைச் சேர்ந்த இருபது வயது மாணவி எழுதியிருக்கிறார். பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரியின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிப்பதற்காக, செப்டம்பர் கடைசியில் ஜெர்மனியின் மேற்கு எல்லையில் இருக்கும் ஆஹன் நகரத்துக்குப் போனார். வகுப்பிலிருந்து தேர்வானவர் இவர் ஒருவர்தான். அப்பா சிறியதாக விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். வீசாவுக்காக, மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க விடும் பிளாக்டு அக்கவுன்ட் என்ற வங்கிக் கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ வீதம் ஆறு மாதப் பணத்தைக் காட்ட வேண்டியிருந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய். அம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின.

விடுதியில் இடம் கிடைக்காததால், பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கும் ஒரு மாணவரின் அறையை மார்ச் வரை உள்வாடகைக்கு எடுத்திருக்கிறார். அதே வீட்டில் இரண்டு ஜெர்மன் மாணவிகள். அறை கொடுத்தவர், முகவரிப் பதிவுக்கான படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறார், அப்படியொரு பதிவே தேவையில்லை என்கிறாராம். தீபாவளியன்று தாளித்தபோது சமையலறையில் புகைக் கருவி அலறிவிட்டது. மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில், சமைக்கும்போது ஜன்னலைத் திறக்கவும், கதவைச் சாத்தவும் என்று ஒரு சீட்டு. அன்றிலிருந்து இவர் சமைப்பதில்லை. அறைக்குள்ளேயே ரொட்டியும் வாழைப்பழமும். போன வாரம் பஸ்ஸில் பரிசோதகர் வந்தபோது கைபேசியில் சார்ஜ் இல்லை, டிக்கெட்டைக் காட்ட முடியவில்லை, 60 யூரோ அபராதச் சீட்டு கையில் இருக்கிறது. இரவு இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை, பகலில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இரண்டு வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்கிறார்.

"திரும்பி வந்துவிடட்டுமா, மேடம்? வந்தால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? இங்கே ஆலோசகரைப் பார்த்தால் வீசா அலுவலகத்துக்குத் தகவல் போய்விடும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சீனியர்கள் சொல்கிறார்கள். சில நாள் காலையில் கண் விழிக்காமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை" என்று முடித்திருக்கிறார்.

கடிதம் கிடைத்த அன்றே அவருக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பிப் பேசினேன். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வரி

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் பெரிய விஷயம் இல்லை என்று சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். கண் விழிக்காமல் போனால் நல்லது என்ற நினைப்பு, மனம் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்பதற்கான அறிகுறி. அது வந்ததற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால் திடமான மனிதர்களுக்கும் இப்படித் தோன்றும். ஆனால் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ திட்டமோ உண்டா என்று மின்னஞ்சலில் நேரடியாகவே கேட்டேன். இல்லை என்றீர்கள். உங்களை நம்புகிறேன். இருந்தாலும் ஒரு ராத்திரி அந்த எண்ணம் வலுத்தால் என்ன செய்வது என்பது இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 112-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸுக்கும் அதே எண்தான், பொதுவாக ஆங்கிலத்திலும் பேசலாம். இல்லையென்றால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஒரு குரல் வேண்டுமென்றால் டெலிஃபோன்ஸேல்ஸோர்கே என்ற உதவி எண் இருக்கிறது: 0800 111 0 111. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், பேச்சு பெரும்பாலும் ஜெர்மனில் இருக்கும். பக்கத்து அறைப் பெண்ணின் கதவைத் தட்டுவதற்கும் தயங்காதீர்கள். சீட்டு ஒட்டியவர் என்பதற்காக உதவி செய்ய மாட்டார் என்று நினைக்காதீர்கள்.

இப்போது சீனியர்கள் சொன்னது. எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் கவலை தந்தது அதுதான், ஏனென்றால் உதவிக்கு இருக்கும் ஒரே வாசலை அது அடைத்துவிடுகிறது. ஜெர்மனியில் மருத்துவரும் உளவியலாளரும் நோயாளி சொன்னதை வெளியே சொல்வது குற்றம். குற்றவியல் சட்டத்தின் 203ஆம் பிரிவு அதற்குச் சிறைத் தண்டனை வரை வைத்திருக்கிறது. நீங்கள் மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்த்தீர்கள் என்று வீசா அலுவலகத்துக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ, நம் ஊர்க் கல்லூரிக்கோ அவர்கள் எழுத முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது மட்டும் காப்பாற்றுவதற்கு வேண்டியவர்களை அழைப்பார்கள். அதுவும் உங்களைக் காப்பாற்றத்தான். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததற்காக மாணவர் வீசாவை ரத்து செய்வதில்லை.

எனவே இந்த வாரமே இரண்டு வேலை. ஒன்று, வீட்டுக்கு அருகில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள், அங்கே ஹவுஸ்ஆட்ஸ்ட் என்பார்கள். அரசு வகை மாணவர் காப்பீடு உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அட்டையைக் காட்டினால் போதும், பார்வைக் கட்டணம் கிடையாது. தூக்கம், பசி, எழ முடியாமை, அந்தக் கடைசி வரி என எல்லாவற்றையும் சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை போன்றவையும் இதே போலத் தளர்த்தும். அவர் ரத்தப் பரிசோதனை எழுதினால் மறுக்காதீர்கள். பொது மருத்துவர்களின் கிளினிக்குகள் மூடியிருக்கும் இரவிலோ வார இறுதியிலோ, உயிராபத்து இல்லாத தேவைக்கு 116117 என்ற எண். மனநல சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கித் தருவதும் அதே எண்தான்.

இரண்டு, பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆலோசனைப் பிரிவுக்கு ஆங்கிலத்திலேயே ஒரு மின்னஞ்சல். மாணவர்களுக்கு அது இலவசம். காத்திருக்கச் சொல்லக்கூடும், அதனால் "அட்ஜஸ்ட் ஆக முடியவில்லை" என்று நாசூக்காக எழுதாதீர்கள். எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியை அப்படியே எழுதுங்கள். யாரை முதலில் பார்ப்பது என்று அவர்கள் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.

முகவரிப் பதிவு

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். நம் மாணவர்கள் எல்லாரும் அன்மெல்டுங் என்று சொல்வது இதைத்தான். வெளிநாட்டிலிருந்து மூன்று மாதத்துக்குள் வந்து போகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அறை கொடுத்தவர் அதை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கலாம். நீங்கள் ஆறு மாதம் இருக்கப் போகிறீர்கள், உங்களுக்கு அது பொருந்தாது.

தாமதமாகிவிட்டது, நாடு கடத்துவார்களோ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இது சிறு ஒழுங்கு மீறல். சட்டப்படி 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம் என்றாலும், சில வாரத் தாமதத்துக்குக் காரணத்தோடு போய் நின்றால் பெரும்பாலும் எச்சரிக்கையோடோ சிறு தொகையோடோ முடிந்துவிடும். பயந்து இன்னும் தள்ளிப்போடுவதுதான் சிக்கலைப் பெரிதாக்கும், ஏனென்றால் குடியிருப்பு அனுமதிக்கு இந்தப் பதிவு வேண்டும்.

அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் உங்களுக்கு அறை கொடுத்தவர்தான். உள்வாடகை என்றால் அந்த மாணவரே போடலாம், கட்டட உரிமையாளர் வர வேண்டியதில்லை. அவர் தயங்குவதற்குக் காரணம், உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் அறையை விட்டதாக இருக்கலாம். அது அவருக்கும் உரிமையாளருக்கும் உள்ள விவகாரம். உங்களுக்குக் கையெழுத்துத் தர அவருக்குக் கடமை உண்டு, மறுத்தால் அவருக்கும் அபராதம் வரலாம். ஆகவே மின்னஞ்சலில் ஒரு தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள், சண்டை வேண்டாம். அந்தத் தேதிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம், வாடகை கட்டிய வங்கிச் சான்று, அவருக்கு எழுதிய மின்னஞ்சல் மூன்றையும் எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், படிவம் தர மறுக்கிறார் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வேண்டும் என்பதே சட்டம். அதற்கப்புறம் அவரிடம் அலுவலகமே கேட்கும்.

வாட்ஸ்அப் குழுவில் யாரோ 150 யூரோ வாங்கிக்கொண்டு வேறு முகவரி "போட்டுத் தருகிறேன்" என்றதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். குடியிருக்காத வீட்டு முகவரியைப் பதிவுக்காகக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது. உண்மையான வீட்டைத் தாமதமாகப் பதிவு செய்தவர் என்பது ஒரு சின்ன விளக்கத்தில் முடியும். பொய் முகவரியில் பதிவானவர் என்பது அப்படி முடியாது.

பாஸ்போர்ட்டில் இருக்கும் வீசா ஒட்டியில் எந்தத் தேதி வரை என்று இன்றே பாருங்கள். செமஸ்டர் முடியும் முன்பே அது முடிகிறது என்றால், முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். தேதிக்குள் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை நீங்கள் தங்குவது சட்டப்படியானதுதான். அதற்கு ஒரு தற்காலிகச் சான்றும் தருவார்கள். சந்திப்பு நேரம் கிடைப்பது சிரமம் என்றால் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸில் சொல்லுங்கள். இதைக் கையாள்வது அவர்களுக்கு அன்றாட வேலை.

பஸ் அபராதம்

இதை ஒரு குற்றப் பதிவு போல நினைத்து மூன்று நாள் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். செமஸ்டர் கட்டணத்தோடு வரும் பயணச்சீட்டு உங்கள் பெயரில் இருக்கிறது, அன்றைக்குக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். பெயர் உள்ள செல்லுபடியான சீட்டை ஒரு வாரத்துக்குள் போக்குவரத்து நிறுவன அலுவலகத்தில் காட்டினால் 60 யூரோ 7 யூரோவாகக் குறையும். ஒரு வாரம் தாண்டியிருந்தாலும் போய்க் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் 60-ஐக் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் வசூல் நிறுவனத்துக்குப் போய்த் தொகை ஏறும். இதனால் வீசாவுக்கு ஒன்றும் ஆகாது.

ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டு

"என் சாப்பாட்டு வாசனையே அவர்களுக்குப் பிடிக்கவில்லை, என்னையும்தான்" என்று எழுதியிருந்தீர்கள். சீட்டின் வாசகத்தை நீங்கள் அனுப்பியதால்தான் இதைச் சொல்ல முடிகிறது: அதில் வாசனை என்ற சொல்லே இல்லை. ஜன்னல், கதவு, இரண்டே விஷயம். அந்த நாட்டில் பகிர்ந்து வாழும் வீடுகளில் சீட்டு எழுதி வைப்பது சாதாரண வழக்கம். குப்பையைப் பிரித்துப் போடவும், குளியலறை வடிகாலைச் சுத்தம் செய்யவும், பத்து மணிக்குமேல் சத்தம் வேண்டாம் என்றும் தங்களுக்குள்ளேயே எழுதி ஒட்டிக்கொள்வார்கள். நம் வீட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லாமல் சீட்டு எழுதினால் அது கோபத்தின் உச்சம். அங்கே அது பேச்சை மிச்சப்படுத்தும் வழி. புகைக் கருவிக்கும் காரணம் இருக்கிறது. குளிருக்காக இறுக்கி மூடிய வீடுகள் அவை. கடுகு தாளிக்கும் புகை வெளியே போக வழியே இல்லை. ஈரமும் புகையும் தங்கினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், காலி செய்யும்போது முன்பணத்தில் கழிப்பார்கள். தினமும் சில நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து வைப்பது அவர்கள் சின்ன வயதிலிருந்து பழகியது.

சரி, இதற்காக நீங்கள் சமையலை விட வேண்டியதில்லை. சமையலறைக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறீர்கள். இன்று மாலை அந்தப் பெண்களில் ஒருவர் சமையலறையில் இருக்கும்போது போய், தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துகொள்கிறேன், எந்த நேரத்தில் அடுப்பு உங்களுக்கு வேண்டாம் என்று கேளுங்கள். அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு நட்பாக்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அடுப்பு உங்களுடையதும்தான் என்று ஆகிவிட்டால் போதும். ரசம் சோறு வைத்துச் சாப்பிடுங்கள். மதியம் பல்கலைக்கழக மென்சாவில் மாணவர் விலையில் சூடான சாப்பாடு கிடைக்கும், சைவமும் இருக்கும். அங்கே போனால் பகலில் ஒரு முறையாவது வெளியே வந்திருப்பீர்கள். நான் அதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். யாராவது உங்கள் நிறத்தையோ நாட்டையோ இழுத்துப் பேசினால், அது வழக்கத்தில் உள்ள வேறுபாடு என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களில் பாகுபாட்டுப் புகாருக்கென்று ஆட்கள் உண்டு. ஆஸ்ட்டா எனப்படும் மாணவர் பேரவையிலும் வாடகை, சட்டம் சார்ந்த ஆலோசனை கிடைக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் நடந்ததாக இல்லை. நடந்திருந்து எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

வருகையும் தேர்வும்

இரண்டு வாரம் போகாததால் 75 சதவீத வருகை போச்சு, தேர்வு எழுத விட மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அது நம் ஊர் விதி. அங்கே பெரும்பாலான விரிவுரைகளில் வருகையே எடுப்பதில்லை. ஆய்வகம், கருத்தரங்கு வகுப்புகளில் மட்டும் எடுக்கக்கூடும், அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாடக் குறிப்புகள் இணையத்தில் இருக்கும், இரண்டு வாரத்தைப் பிடித்துவிடலாம்.

நீங்கள் பயப்படாத இடத்தில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. பாடத்துக்குப் பதிவு செய்தது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுக்குத் தனியாக, குறித்த தேதிக்குள் பதிவு செய்யாவிட்டால் செமஸ்டர் முழுக்கப் படித்திருந்தாலும் எழுத முடியாமல் போகலாம். பரிமாற்ற மாணவர்கள் இதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தேதியைத் துறை அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். தேர்வுகள் பிப்ரவரி, மார்ச் வரை நீளும் என்பதால் திரும்பும் டிக்கெட்டை அதைப் பார்த்த பிறகு போடுங்கள்.

30 கிரெடிட் எடுத்திருக்கிறீர்கள். அங்கே முழு நேர செமஸ்டரின் அளவு அதுதான். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. இப்போதைய உடல்நிலையில் அது அதிகம் என்பது என் கருத்து. உங்கள் கல்லூரி குறைந்தது எத்தனை கிரெடிட் கேட்கிறது, உதவித்தொகை எத்தனை கேட்கிறது என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். 18 போதும் என்று பதில் வந்தால் இரண்டு பாடத்தை விட்டுவிடலாம், எடுக்கும் பாடங்களைப் பட்டியலிடும் கற்றல் ஒப்பந்தத்தைத் திருத்தினால் போதும். பகுதி நேர வேலை பார்த்து நகையை மீட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் குறிப்பிட்ட அளவு வேலை செய்ய அங்கே அனுமதி உண்டுதான், ஆனால் தூக்கம் திரும்பும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

வெளிச்சமும் தொலைபேசியும்

அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு, நம் ஊருக்கும் ஆஹனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். வீட்டில் எல்லாரும் பத்தரைக்குப் படுக்கும்போது உங்களுக்கு மாலை ஆறு. அதற்கப்புறம் நீளும் இரவில் பேச ஆள் இல்லாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணியாகிறது. டிசம்பரில் அந்த ஊரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டும். பதினொரு மணிக்கு எழுந்தால் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் பாதி போய்விடும். மழைக்கும் மேகத்துக்கும் பேர்போன ஊர் வேறு. உடலின் தூக்கக் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் ஓடுகிறது. அதனால் மருந்தைப் போல நினைத்து, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி வெளியே நடங்கள். மேகமூட்டமான வானம்கூட அறை விளக்கைவிடப் பிரகாசம்தான். அம்மாவோடு பேசுவதைக் காலைக்கு மாற்றுங்கள். உங்களுக்கு எட்டரை என்றால் அம்மாவுக்கு மதியம் ஒரு மணி, நடந்துகொண்டே பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொடுமை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைகள் எல்லாம் மூடி, தெருவே வெறிச்சோடிக் கிடப்பதை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஊரே தன்னைக் கைவிட்டது போல இருக்கும். சனிக்கிழமையே காய்கறி, பால் வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கென்று ஒரு வெளி வேலை வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் குறைந்த கட்டணத்தில் பாட்மின்டனிலிருந்து நடனம் வரை இருக்கும். ஏதாவது ஒன்றில், ஒன்றே ஒன்றில் சேருங்கள். வாரா வாரம் அதே முகங்களைப் பார்ப்பது பெரிய விருந்துகளைவிட உதவும்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் செமஸ்டர் டிக்கெட்டில் ஆஹனிலிருந்து புறப்படும் ஆர்.இ. 1 ரயில், கொலோன், டூஸ்ஸல்டார்ஃப், டோர்ட்மண்ட் வழியாக ஹாம் நகரம் வரை போகும். சுமார் மூன்று மணி நேரம், தனிச் செலவு இல்லை. ஹாம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. போரில் வீடிழந்து வந்த ஈழத் தமிழர்கள் கட்டி, 2002-இல் குடமுழுக்கு நடத்திய கோயில், நம் ஊர்க் கோபுரமே நிற்கும். கடவுள் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒரு முழு நாள் தமிழ் காதில் விழும். உங்களைவிடக் குறைந்த பணத்தோடும், திரும்பிப் போக வீடே இல்லாமலும் அந்த நாட்டில் முதல் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் அங்கே இருப்பார்கள். பேச்சுக் கொடுங்கள்.

திரும்பி வருவதென்றால்

வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் பார்த்து, சிகிச்சை தொடங்கி, அப்போதும் அங்கே இருப்பது உங்களைத் தேய்க்கிறது என்றால் வாருங்கள். அது தோல்வி என்று நினைப்பவர்களின் கருத்துக்காக உங்கள் உடம்பைப் பணயம் வைக்க முடியாது. ஆனால் தூங்காத ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டாம். இந்த வாரம் உங்களைத் துரத்தும் காரணங்களில் முகவரி, அபராதம், வருகை மூன்றும் காகிதத்தில் தீரக்கூடியவை. அவை தீர்ந்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யலாம்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டிச் சுமார் இரண்டு வாரம் வகுப்பு இருக்காது. அப்போது ஊருக்கு வந்து போகலாம். டிக்கெட் போடும் முன் வீசா திரும்பி நுழையும் தேதி வரை செல்லுமா என்று பார்க்க வேண்டும். தற்காலிகச் சான்று மட்டும் கையில் இருந்தால், அதை வைத்து மறுபடி நுழைய முடியுமா என்பது சான்றின் வகையைப் பொறுத்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

செமஸ்டரையே விடுவதென்றால் முதலில் கல்லூரிக்கு எழுத்தில் கேட்க வேண்டியவை: இந்த செமஸ்டர் பாடங்களை இங்கே எப்படி ஈடு செய்வது, ஒரு வருடம் போகுமா, உதவித்தொகையைத் திருப்பிக் கேட்பார்களா. மருத்துவச் சான்றோடு வருவதற்கும் சொல்லாமல் வருவதற்கும் பதில் வேறாக இருக்கும், மருத்துவரை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அறையை விடுவதற்கு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். கிளம்பும்போது நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். பிளாக்டு அக்கவுன்ட்டில் மிச்சமுள்ள பணம் உங்களுடையதே. அதைத் திரும்பப் பெற நடைமுறை இருக்கிறது, கொஞ்ச நாள் ஆகும், தொலைந்து போகாது. அப்பாவின் 6 லட்சமும் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மகளே. இன்றைய கணக்கில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

வீட்டில் சொல்வது

முழுக் கதையையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். அம்மா ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்து செய்ய முடிந்தது குறைவு, பதறிப்போவார். அதற்காக "நல்லா இருக்கேன்" என்பதையும் தொடராதீர்கள். ஒவ்வொரு முறை அதைச் சொன்ன பிறகும் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, இங்கே வந்ததிலிருந்து சரியாத் தூக்கம் இல்லை, மனசும் சரியில்லை. டாக்டர்கிட்ட போறேன், வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கேன். முடிஞ்சதும் போன் பண்றேன்." பிரச்சினையும் அதற்கு நீங்கள் எடுக்கும் நடவடிக்கையும் சேர்ந்து வரும்போது பெற்றோர் தாங்கிக்கொள்வார்கள். அதனால்தான் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டுப் பேசச் சொல்கிறேன்.

அப்பாவிடம் பேசும்போது பணத்தைப் பற்றி அவர் கேட்காமல் நீங்கள் பேச்சை எடுக்க வேண்டாம். அவர் நகையை அடகு வைத்தது மகள் படிக்க வேண்டும் என்றுதான். அந்த மகள் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார் என்பதை அவர் வாயிலிருந்து கேளுங்கள், நீங்களே பதில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று வியாழக்கிழமை இரவு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். தமிழோ ஆங்கிலமோ, எப்படி வருகிறதோ அப்படி. திரும்பி வருவதா என்ற கேள்வியை அதை வைத்துக்கொண்டு மறுபடி பேசுவோம்.